மீசை வைத்த அக்கா

டீயை எடுத்துக்கொண்டு மனைவியின் வேலை அறைக்குள் நுழைந்த எழுத்தாளர், மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். படத்தில் அவருடைய அக்கா இருந்தாள். அதே எடுப்பான மூக்கு. மூக்கின் பாதியில் வந்து நிற்கும் அதே கண்ணாடி. எதிரில் இருப்பவன் பொய்யைச் சொல்லி முடிக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் அதே பார்வை. மீசை மட்டும்தான் புதுசு.

"எப்படி வந்திருக்கு?" என்றாள் மனைவி, தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே.

"யாரு இது?"

"கதையில வர்ற அண்ணன். விடுதி வார்டன்."

அது அவருக்குத் தெரியும். அந்தக் கதையை எழுதியவரே அவர்தான். அது அவளுக்குத் தெரியாது என்பதுதான் வம்பு.

எழுத்தாளர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாத இதழ்களுக்குச் சிறுகதை அனுப்புகிறவர்களில் ஒருவர். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பிரிட்ஜ் கம்பெனியில் விளக்கப் புத்தகம் எழுதுகிறார். அவர் இதுவரை எழுதியதிலேயே அதிகம் பேர் படித்த வரி, 'கதவை முழுவதுமாக மூடவும்' என்பதுதான். அதையும் யாரும் கேட்டு நடப்பதாகத் தெரியவில்லை.

மனைவி ஓவியர். இதழ்களில் வரும் கதைகளுக்குப் படம் போடுகிறாள். அவளை நிறையப் பேருக்குத் தெரியும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நோய்: எதையும் சொந்தமாகக் கற்பனை செய்ய வராது. அவளுக்கு இல்லாத முகம் கையில் வராது. சொந்தக்காரர்கள் யாரையாவது பிடித்துப் போட்டால்தான் படம் பேசும். அவளுடைய சித்தப்பா பல வருஷமாகப் பிக்பாக்கெட்டாக இருக்கிறார். எழுத்தாளரின் சகலை, பாவம், சொந்த வீட்டில் பூச்சி அடிக்கக் கூடப் பயப்படுகிற மனுஷன், தொடர்கதைகளில் கொலைமேல் கொலை செய்கிறார். மாமியார் இருமுறை பேயாக வந்து போயிருக்கிறார். யாரும் கண்டுபிடித்ததில்லை. தன்னைப் பேயாக எந்தப் பெண்மணி தேடிப் பார்க்கப் போகிறாள்?

அவருக்கோ இல்லாத சம்பவம் வராது. சித்தி வீட்டுச் சண்டையை எடுத்து, சித்தியை மாமாவாக்கி, ஊரை மாற்றி, தலைப்பு வைத்துவிடுவார். அவளுடையது முகத்திருட்டு, இவருடையது கதைத்திருட்டு. தனித்தனியாக இருக்கிறவரை ஆபத்தில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்தால் அப்புறம் அது கதையில்லை, காட்டிக்கொடுத்தல். அதனால் கல்யாணமான புதிதிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள்: இவர் கதைக்கு அவள் படம் போடுவதில்லை. இதழ் ஆசிரியருக்கும் சொல்லியாகிவிட்டது. "வீட்டுலயே அவர் எழுதறதைப் படிச்சுத் தொலைக்கிறேன் சார், ஆபீஸ் வேலையாவும் படிக்கணுமா?" என்று அவள் கேட்ட விதத்தில் ஆசிரியர் மறுபேச்சுப் பேசவில்லை.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒருமுறை மாட்டிக்கொண்டார். அக்காவுக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளில்லாத அறைகளில் நுழைந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு வருவாள். எழுத்தாளர் அதை வைத்து ஒரு நகைச்சுவைக் கதை எழுதினார். படம் போட்டது வேறு ஓவியர்தான்; ஆனால் மின்விசிறியே போதுமானதாக இருந்தது. அக்கா வேலை பார்க்கிற இடத்தில் அந்தக் கதையை ஒருவர் மாற்றி ஒருவர் படித்தார்கள். அதற்குப் பிறகு அவள் நாற்காலியை விட்டு எழுந்தாலே யாராவது விசிறியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்களாம். அக்கா இரண்டு வருஷம் இவரோடு பேசவில்லை.

அவருக்கு அக்கா என்றால் வெறும் அக்கா இல்லை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட, பகலில் துணிக்கடைக் கணக்கு, சாயங்காலம் மருந்துக்கடைக் கல்லா என்று இரண்டு வேலை பார்த்து இவரை ஆளாக்கியவள் அவள்தான். அந்த இரண்டு வருஷமும் நல்லது கெட்டது எதையும் சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் அவர் தவித்துப் போனார். அதைப் பற்றிக் கூட ஒரு கதை எழுதிப் பார்த்தார். சரியாக வரவில்லை.

பிறகு ஒருநாள் அக்காவே போன் செய்தாள்.

"பிரிட்ஜ் வாங்கினேன். கூட வந்த புத்தகம் நீ எழுதினதா?"

"ஆமாக்கா."

"நல்லாப் புரியுதுடா. நீ எழுதி எனக்குப் புரிஞ்சது இதுதான் மொதல் தடவை."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னாள்: "ஆனா ஒண்ணு. இனிமே என்னைப் பத்தி ஒரு வரி எழுதினே, எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லவே இல்லைன்னு இருந்துக்குவேன்."

"சத்தியமா எழுத மாட்டேன்கா."

அவர் அந்தச் சத்தியத்தைச் செய்தபோது, அக்காவைப் பற்றிய அடுத்த கதை ஏற்கெனவே ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வாபஸ் வாங்கியிருக்கலாம். வாங்கத்தான் நினைத்தார். ஆனால் அவர் எழுதியதிலேயே உருப்படியான கதை அது ஒன்றுதான். அதைத் திரும்ப வாங்க நல்ல மனுஷனாக இருக்க வேண்டும். அவர் அந்த நேரம் பார்த்து எழுத்தாளராக இருந்து தொலைத்தார். தவிர, தடயம் எதையும் விட்டு வைக்கவில்லை. அக்காவை அண்ணனாக்கிவிட்டார். துணிக்கடையையும் மருந்துக்கடையையும் தூக்கிவிட்டு ஒரு விடுதியைக் கட்டிவிட்டார். மின்விசிறி என்ற சொல்லே கதையில் கிடையாது. பெயரைக் கூட விடவில்லை. புதுப் பெயர், புது மின்னஞ்சல். புனைபெயருக்காக மணிக்கணக்கில் யோசித்து, ஒன்றும் தோன்றாமல், எதிரில் இருந்ததைப் பார்த்து 'மேசைவிளக்கு' என்று வைத்துக்கொண்டார். கற்பனை வராது என்று முன்பே சொன்னோம்.

எல்லாவற்றையும் மறைத்தவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அவர் பெயர் போட்ட கதைதான் மனைவியிடம் போகாது. பெயர் போடாத கதை நேரே அவளிடம்தான் போகும்.

"மேசைவிளக்குனு ஒருத்தர், புதுசா எழுதறாரு போல," என்றாள் மனைவி, டீயை வாங்கிக்கொண்டு. "என்னமா எழுதியிருக்காரு தெரியுமா? படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன்."

"அப்படியா?" என்றார். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"அலட்டலே இல்ல. உவமை, கிவமைன்னு உயிரை எடுக்கல. நீங்களும் எழுதறீங்களே."

இத்தனை வருஷத்தில் மனைவி வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. வந்த ஒன்றும் இவரைத் தாண்டி மேசைவிளக்குக்குப் போய்விட்டது. சந்தோஷத்தில் கண் கலங்கியது. அதே சமயம் அந்த மேசைவிளக்கைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. தன்மேல் தானே பொறாமைப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

"அந்தத் தம்பி இருக்கான் பாருங்க, கதையில," என்று அவள் தொடர்ந்தாள். "சரியான தண்டம். அண்ணன் உழைச்சு உழைச்சுத் தேய்றான், இவன் நோகாம உட்கார்ந்து தின்னுக்கிட்டு... கையில கிடைச்சான்னா நாலு அறை விடணும் போல இருந்துச்சு."

எழுத்தாளர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அதுக்கு ஏன் அக்கா முகம்?"

"தெரியலங்க. படிக்கப் படிக்க அண்ணி முகமாவே வந்துச்சு. ஆம்பளை ஆளு, ஒரு மீசையைப் போட்டா ஆச்சு."

"அக்கா பாத்துட்டா?"

"பாத்தா என்ன? அவங்க கதையா இது? யாரோ ஒரு மேசைவிளக்கோட கதை."

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்கா இங்கே வருகிறாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக. அதற்குள் இதழும் வந்துவிடும்.

"அந்த மூக்கை மட்டும் கொஞ்சம் குறைச்சா..." என்று இழுத்தார்.

மனைவி தூரிகையைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷத்துல உங்க கதையில ஒரு வரியை மாத்துங்கன்னு நான் சொல்லியிருக்கேனா?"

"நிறைய தடவை."

"சரி, சொல்லியிருக்கேன். நீங்க மாத்துனீங்களா? போங்க, போய் பிரிட்ஜ் கதவு சரியா மூடியிருக்கான்னு பாருங்க."

போனார். மூடித்தான் இருந்தது. அங்கேயே நின்று யோசித்ததில் ஒரு யோசனை பிறந்தது. அவர் வாழ்க்கையில் தானாகப் பிறந்த ஒரே யோசனை, அதுவும் குறைப்பிரசவம். ஆசிரியருக்கு மேசைவிளக்கின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார்: 'என் கதைக்கான படத்தில் அண்ணனின் மூக்கு சற்றுச் சிறியதாக இருந்தால் நலம்.'

அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது: அச்சாகாத படத்தின் மூக்கு எப்படி இருக்கிறதென்று மேசைவிளக்குக்கு எப்படித் தெரியும்? நல்லவேளையாக மனைவிக்கும் அது தோன்றவில்லை, ஆசிரியருக்கும் தோன்றவில்லை. அவர் உடனே மனைவிக்குப் போன் போட்டுவிட்டார்.

"என்னது, மூக்கா?" என்று கூடம் அதிர்ந்தது. "மொதல் கதைக்கே ஓவியரோட வேலையில மூக்கை நுழைக்கிறாரா அந்த ஆளு? நான் அவர் கதையில கை வெச்சேனா சார்?"

மறுமுனையில் ஆசிரியர் என்னவோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். மனைவி போனை வைத்துவிட்டு வெற்றியோடு வந்தாள். "எழுதினவரையே உறுத்துதுன்னா படத்துல விஷயம் இருக்குன்னு சொல்லிட்டாரு. முழுப் பக்கத்துக்குப் பெருசாப் போடப் போறாராம்." பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னாள்: "நல்லவர்னு நெனச்சேன். அந்த மேசைவிளக்கும் உங்களை மாதிரிதான் போல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முன்பே இதழும் வந்துவிட்டது. தபால்காரரிடம் தானே போய் வாங்கி, பிரித்துப் பார்த்தார். முழுப் பக்கத்துக்கு அக்கா. கடையில் மளிகை வாங்கும்போது எடைத்தட்டைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. இதழை நான்காக மடித்துத் துணி துவைக்கிற மெஷினுக்குள் போட்டு, மேலே இரண்டு போர்வையையும் போட்டு மூடினார். மூடிவிட்டு அந்த மெஷினின் விளக்கப் புத்தகத்தை எழுதிய முகம் தெரியாத சகோதரரை நினைத்துக்கொண்டார்; மூடி நன்றாகத்தான் மூடியது.

அக்கா வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே அக்காதான். உள்ளே வந்தவள் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்ச்சைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். எழுத்தாளருக்கு மனசு என்னவோ செய்தது. தான் எழுதிய ஒரு கதை ஒருத்தியின் கையைக் கட்டிப்போட்டுவிட்டதே என்று வெட்கப்பட்டார். தானே எழுந்து போய் விசிறியை நிறுத்திவிட்டு வந்தார்.

டீ குடித்தார்கள். பிரிட்ஜைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மனைவி, "அண்ணி, ஒரு கதை வந்திருக்கு, நீங்க கட்டாயம் படிக்கணும்," என்று எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். படம் போட்டவருக்கென்று தனியாக ஒரு பிரதி அனுப்புவார்கள் என்பது எழுத்தாளருக்குத் தெரியாத விஷயமில்லை. அதை வாங்கி வாங்கி அடுக்கி வைப்பதே அவர்தான். ஆனால் மாட்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில் மூளை எங்கே வேலை செய்கிறது?

"இவன் எழுதினதா?" என்று அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"சேச்சே, இது நல்ல கதை அண்ணி."

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுத்தாளர் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"யாரும்மா இது? அச்சு அசல் எங்க அப்பா மாதிரியே இருக்காரே!"

எழுத்தாளர் எட்டிப் பார்த்தார். ஆமாம், அப்பாதான். அக்கா மூக்கும் அப்பாவின் மீசையும். இத்தனை நாள் பயந்து செத்தவருக்கு அது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்.

அக்கா படிக்க ஆரம்பித்தாள். கதை இதுதான். தம்பியை நேர்காணலுக்கு அனுப்ப அண்ணன் தினமும் அவனுக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுக்கிறான். தம்பி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போகாமல் நூலகத்தில் போய் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கிறான். சாயங்காலம் வந்து, "வேற ஆளை எடுத்துட்டாங்க," என்கிறான். ஒருநாள் அண்ணன் நூலகத்து ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துவிடுகிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையிலும் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்து அழுத்துகிறான், காலர் கருகிப் புகை வருகிறது. அவ்வளவுதான் கதை.

படித்து முடித்த அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"தம்பியா அவன்? தடிமாடு!" என்றாள் மனைவி.

"சின்னப் பையன்மா, விடு," என்றாள் அக்கா. "ஆனா இதை எழுதினவருக்கு நல்ல மனசு. கஷ்டப்பட்டவங்களை உட்கார்ந்து நெனச்சுப் பாத்திருக்காரு. யாரு இவரு?"

எழுத்தாளர் சோபாவின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தார். பாசமா, பெருமையா, எது எவ்வளவு என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. சத்தியம் செய்து கொடுத்தது நினைவில் இருந்தது. இதைச் சொன்னால் அக்கா எழுந்து போய்விடுவாள் என்பதும் தெரிந்தது. ஆனால் இரண்டு பேரும் இவரை உட்கார வைத்துக்கொண்டே இன்னொருவனைப் புகழ்வதை எத்தனை நேரம்தான் தாங்குவது?

"நான்தான்கா," என்றார். "நான்தான் எழுதினேன்."

முதலில் சிரித்தது மனைவி. டீ புரையேறியது, இருமினாள், மறுபடியும் சிரித்தாள். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீயா? நீ எழுதியிருந்தா அந்தத் தம்பி நல்லவனால்ல இருந்திருப்பான்."

"கடைசியில மழை வேற பெஞ்சிருக்கும்," என்றாள் மனைவி.

மின்னஞ்சலைத் திறந்து காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் நிரூபித்திருக்கலாம். அவர் தரையைப் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதே சமயம், இவ்வளவு சரியான விமர்சனத்தை எந்த இதழும் தன்னைப் பற்றி எழுதியதில்லை என்றும் தோன்றியது.

"சும்மா சொன்னேன்," என்றார்.

"அதானே பாத்தேன்," என்றாள் மனைவி.

சாயங்காலம் அக்காவை ஏற்றிவிட பஸ் நிறுத்தம் வரைக்கும் போனார். இதழை அக்கா கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"மீசை வெச்சா நான் அப்பாவேதான், இல்லடா?" என்றாள் அக்கா.

எழுத்தாளர் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"உன் பொண்டாட்டி அந்தத் தம்பியைப் பிடிச்சுத் திட்டிட்டு இருந்தா. அவ முன்னாடி அது நீதான்னு எப்படி ஒத்துக்கறது? அதான் தெரியாத மாதிரி மழுப்பிட்டேன்."

"அக்கா, சத்தியம் பண்ணறதுக்கு முன்னாடியே அதை அனுப்பிட்டேன்கா. கோபமா?"

"அன்னைக்கும் கோபம் இல்லடா. அந்தக் காலரை நான் கோபத்துல கருக்கல. மருந்துக்கடையில சரக்கு வந்து இறங்கி, ராத்திரி பூரா அடுக்கிட்டு வந்தேன். இஸ்திரி போட்டுக்கிட்டே நின்ன வாக்குல தூங்கிட்டேன்."

எத்தனையோ வருஷமாக அவர் மனசுக்குள் புகைந்துகொண்டிருந்த காலர் அது. அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்தும் கேட்காமல் விட்டாள் என்று நினைத்து நினைத்துக் குமைந்துதான் அவர் அந்தக் கதையையே எழுதினார்.

"அப்போ, நான் நேர்காணலுக்குப் போகாம நூலகத்துல உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? இன்னைக்குத்தான் படிக்கிறேன்."

பஸ் வந்தது. அக்கா பையை வாங்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கின் பாதிக்கு இறக்கி, அவர் பொய் எதுவும் சொல்லாமலேயே அவரை அந்தப் பார்வை பார்த்தாள்.

"எழுதறதுதான் எழுதறே," என்றாள், "என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதக் கூடாதா?"